ஏலக்காய்க்குள் போன கரி

போடியில் எம்.எஸ்சி. முடித்த பெண் வீட்டில் உட்கார்ந்து கரி சுடுகிறாள் என்று தெருவே பேசியது. பேசியதில் பொய் இல்லை. இலவம்பஞ்சுக் காயின் மேலோட்டைக் கரியாக்கி, பொட்டாஷ் சேர்த்துக் கல்லூரி உலையில் மறுபடி சூடாக்கினால், அதில் கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான துளைகள் விழும். நன்றாகக் குளிரவைத்தால் ஹைட்ரஜன் வாயு அந்தத் துளைகளுக்குள் போய் ஒட்டிக்கொள்ளும். நாளைக்கு அதை வைத்து வண்டி ஓட்டலாம். இதுதான் என் முனைவர் பட்ட ஆய்வு. "இந்தா இருக்குற சுருளிப்பட்டி வரைக்காவது ஓடுமா?" என்று அப்பா கேட்பார்.

எவ்வளவு ஒட்டுகிறது என்று அளக்கும் கருவி சென்னையில் ஓர் ஆய்வுக்கூடத்தில் இருந்தது. எட்டு மாதம் கெஞ்சி ஒரே ஒரு நாள் வாங்கினேன். அந்த அளவு வராவிட்டால் ஆய்வேட்டுக்குக் கடைசி அத்தியாயம் கிடையாது. இரண்டு வருட உழைப்பில் தேறிய நல்ல கரி ஒரு கைப்பிடிதான். அதைக் காற்றுப் புகாத கண்ணாடி பாட்டிலில் அடைத்தேன். பிறகு பையை அம்மாவிடம் கொடுத்துவிட்டுக் குளிக்கப் போனேன். புத்தி கெட்ட வேலை.

அம்மா ஓர் ஏலக்காய்க் கடையில் காய் தரம் பிரிப்பவர். எங்கள் ஊரில் யார் வெளியூர்ப் பெரிய மனிதரைப் பார்க்கப் போனாலும் கூடவே கால் கிலோ ஏலக்காய் போகும். ஆய்வுக்கூடத்தில் பையைத் திறந்தால் ஏலக்காய் இருந்தது, பாட்டிலைக் காணோம். காய்களுக்கு நடுவே ஒரு சுருக்குப்பை, அதற்குள் என் கரி. பஸ் குலுக்கலில் கண்ணாடி உடைந்துவிடும் என்று அம்மாவுக்குக் கவலை.

வெளியே சொல்ல வெட்கமாக இருந்தது. ஈரம் படவில்லையே என்று மனதைத் தேற்றிக்கொண்டு பொடியைக் குழாயில் கொட்டினேன். கருவியைக் கவனிக்கும் சார், வெற்றிடத்தில் சூடாக்கிச் சுத்தம் செய்தாயிற்றா என்று கேட்டார். "ஊரிலேயே ஆச்சு சார்" என்றேன், தலையை நிமிர்த்தி.

சாயங்காலம் திரையில் ஹைட்ரஜன் அளவைக் காட்டும் கோடு எழும்பவே இல்லை. அடுப்புக்கரிகூட இதைவிட வாங்கும் என்றார் சார். குழாயைக் கழற்றி, குளிர் விட்டதும் மூக்கருகே கொண்டுபோனார்.

"என்னம்மா, பாயச வாசனை வருது?"

எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடி, பக்கத்து வீட்டு எண்ணுக்குப் போட்டு அம்மாவைக் கூப்பிட்டேன். "ரெண்டு வருச வேலையக் கெடுத்துட்டியேம்மா! ஏலக்கா வாசம் பூரா துளைக்குள்ள போய் உக்காந்துக்கிருச்சு. ஹைட்ரஜனுக்கு எடமே இல்ல!"

"சார் வஞ்சாகளா?"

"வையாம?"

அம்மா கொஞ்சம் யோசித்தார். "ஒரு பஸ்ஸுப் பயணத்துலயே அம்புட்டு வாசத்தையும் இழுத்துருச்சா? அப்ப ஒன் கரி நல்ல கரிதான ஆத்தா. உள்ள இருக்குறத மொதல்ல வெளிய தள்ளச் சொல்லு."

ஆத்திரத்தில் போனை வைத்துவிட்டேன். ஆய்வுக்கூடப் படியேறும்போதுதான் உறைத்தது, அம்மா சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. சாரிடம் உண்மையைச் சொன்னேன். சூடாக்கியதாகப் பொய் சொன்னதற்குத் திட்டினார். மறுநாள் கருவியைச் சரிபார்க்க ஒதுக்கியிருந்த நாள், அதை எனக்குக் கொடுத்தார். வெற்றிடத்தில் மணிக்கணக்கில் சூடாக்கினோம். பிறகு அளந்தபோது கோடு ஏறியது, ஏறிக்கொண்டே போனது. நான் வெட்கமில்லாமல் அழுதேன். சார் ஏலக்காய் டீ போட்டுக் கொடுத்தார்.

மறுபடி பூத்துக்குப் போய் அம்மாவிடம் சொன்னேன்.

"அதான் நேத்தே தெரிஞ்சுபோச்சே" என்றார். "சுருக்குப்பையத் தொலைச்சுறாமக் கொண்டாந்துரு."