நண்பனின் பைக்

புனேயின் தாபோடியில் பக்கத்து வீட்டு நண்பனுக்கும் எனக்கும் ஃபாக்டரி அப்ரெண்டிஸ் வேலைக்கு ஒன்றாகவே கடிதம் வந்தது. அவன் சேர்ந்தான். எங்கள் வீட்டில் முதன்முதலில் பள்ளிப் படிப்பை முடித்தவன் நான் என்பதால் கல்லூரிக்குப் போனேன்.

மூன்றாம் வருடம் அவன் புது பைக் வாங்கினான். பஸ் ஸ்டாப்பில் நின்ற என்னிடம், “சலோடா, ஏறு, காலேஜ்ல விட்டுடறேன்” என்றான். வயிறு எரிய ஏறினேன்.

அன்று வகுப்பில் பொருளாதார ஆசிரியர், “ஒன்றை எடுத்துக்கொள்ள எதை விட்டோமோ அதுதான் அதன் விலை” என்றார். எல்லோரும் எழுதிக்கொண்டார்கள். எனக்கு அந்த பைக்தான் கண்ணில் நின்றது.

மாலையிலும் அவனே கூட்டிவந்தான். “இன்னிக்கு என்னடா படிச்சே?” என்று ஆசையாகக் கேட்டான்.

“சொன்னா உனக்குப் புரியாது.”

அவனிடம் இல்லாமல் என்னிடம் இருந்தது ஆசிரியர் சொன்ன அந்த ஒரு வாக்கியம்தான். அதையும் கொடுக்க மனம் வரவில்லை.