கல்லைத் தூக்குவது யார்?

அடுக்களையிலிருந்து ஊறிய உளுந்தும் வெந்தயமும் கலந்த வாசம் வந்தது. கிரைண்டர் குழவியைத் தூக்க ஒரு கைப்பிடி வரைந்துகொண்டிருந்தேன். என்னைப் போன்ற பட்டறைக்காரர்களுக்கான பொருள் வடிவமைப்பு வகுப்பில் நாளை அதைக் காட்ட வேண்டும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். அந்த வகுப்பில் இதுவரை எழுந்து பேசியதே இல்லை.

அந்த வாசம் பழைய பீளமேட்டு வீட்டுக்கு இழுத்துப் போனது. அப்பா வேலைசெய்த கிரைண்டர் கம்பெனியிலிருந்து எங்கள் தெருவின் முதல் கிரைண்டர் வந்திருந்தது. பெண்கள் வேடிக்கை பார்த்து நிற்க, அம்மா மாவு வழியும் குழவியை இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கினாள். சேலையெல்லாம் மாவு.

"என்ன அம்மணி, சுளுவா இருக்குதா?" என்றார் அப்பா பெருமையாக.

"சுத்தறது சுளுவுதானுங்க. கல்லைத் தூக்கறது ஆரு, மிசினா? இதைச் செஞ்சவங்க ஒருக்காவாச்சும் மாவு ஆட்டியிருப்பாங்களா?"

பெண்கள் சிரித்தார்கள். அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

நானும் இதுவரை மாவு ஆட்டியதில்லை. எழுந்து அடுக்களைக்குப் போனேன்.

"இன்னைக்கு நான் ஆட்டறேன்."

"ஏனுங்க, ஒடம்பு நல்லாத்தான இருக்குது?" என்றாள் மனைவி.

மாவு நுரைத்ததும் குழவியை ஒரு கையால் தூக்கினேன். வழுக்கி உள்ளேயே விழுந்து முகமெல்லாம் தெறித்தது. அவள் சிரித்து முடிக்கும்வரை பொறுத்திருந்து, இரண்டு கையாலும் பிடித்தேன். வந்தது.

நான் வரைந்திருந்தது ஒற்றைக் கைப்பிடி. அதைக் கிழித்துப் போட்டுவிட்டு இரண்டு பக்கமும் பிடி வைத்து வரைந்தேன். நாளை முதல் ஆளாக எழுந்து சொல்லப் போகிறேன்: "ஆட்டிப் பாத்துப்போட்டுத்தானுங்க வந்திருக்கறேன்."