பகல் பதினொன்று பத்துக்குத் தவளை தேடியவர்கள்

என் தம்பி சுகுமாறன் பிறந்தது கிள்ளானில், படித்தது ஐந்தாம் படிவம், அதாவது பள்ளிக்கூடத்தோடு சரி. சுபாங் ஜெயாவில் ஒரு சுற்றுச்சூழல் ஆலோசனை நிறுவனத்தில் ஒன்பது வருடம் ஓட்டுநராக இருந்தான். ஒரு போக்குவரத்துச் சம்மன்கூட வாங்கியதில்லை.

போன வருடம் ஜெஞ்சாரோம் பக்கத்துச் சதுப்புக் காட்டை வெட்டி வீடுகள் கட்ட ஒரு முதலாளி விண்ணப்பித்தார். அந்தக் காட்டில் கட்டைவிரல் நகத்தளவில் ஒரு தவளை உண்டு. மர வேர்களுக்கிடையே தேங்கும் கறுப்புத் தண்ணீரில்தான் முட்டையிடும். அழிந்துவரும் இனம், அது இருந்தால் வீடு கட்ட அனுமதி கிடையாது. இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லும் வேலையைத் தம்பியின் நிறுவனத்துக்குக் கொடுத்தவரும் அதே முதலாளிதான்.

மழை விட்டுப் பொழுது சாயும்போதுதான் அந்தத் தவளை கத்தும். ஆய்வாளர் குருவும் உதவியாளர் விஷ்ணுப்ரியாவும் தம்பி ஓட்டிய வண்டியில் போனது பகல் பதினொன்று பத்துக்கு, கொளுத்தும் வெயிலில். சப்பாத்து சேறாகும் என்று வண்டியை விட்டு இறங்கவில்லை. கண்ணாடியை மட்டும் இறக்கினார்கள்.

"சத்தமே காணோம் லா," என்றார் குரு.

"பாஸ், சாயங்காலம் மழைக்கப்புறம் வந்தா கேக்கும். போன வாரம் வழி பாக்க வந்தப்ப நானே கேட்டேன்," என்றான் தம்பி.

"ஏன் சுகு, தவளை உன்கிட்ட அப்பாயின்மென்ட் கொடுத்துச்சா?"

விஷ்ணுப்ரியா சிரித்தாள். பதினொன்று முப்பத்தைந்துக்குக் கண்ணாடி ஏறியது. பிரிக்பீல்ட்ஸ் வாழையிலைக் கடையில் கூட்டம் சேருமுன் இடம் பிடிக்க வேண்டுமாம்.

'மூன்று நாள் தேடியும் தவளை இல்லை' என்று அறிக்கை தயாரானது. உடன் சென்றவர் என்ற இடத்தில் தம்பி கையெழுத்துப் போட வேண்டும்.

"போடு. இல்லன்னா நாளைக்கு வேற டிரைவர் பாத்துக்கிறேன்," என்றார் குரு.

தம்பி போட்டான். அதன் கீழே, சென்ற தேதி ஒன்று, இருந்த நேரம் இருபத்தைந்து நிமிடம், வெயில், யாரும் வண்டியை விட்டு இறங்கவில்லை என்று தெளிவான மலாயில் எழுதினான். பட்டம் பெற்ற குரு ஓட்டுநர் எழுதியதையெல்லாம் படிப்பாரா? அப்படியே அனுப்பிவிட்டார்.

அரசாங்க அலுவலகத்தில் ஒரு குமாஸ்தா கடைசி வரிவரை படித்தாராம். மழைக்காலத்தில் வேறொரு நிறுவனத்தை அனுப்பினார்கள். முதல் மாலையிலேயே பதினேழு தவளைகள் கத்தின. விண்ணப்பம் தள்ளுபடி.

தம்பிக்கும் கடிதம் வந்தது: கவனக்குறைவாக வண்டி ஓட்டியதால் வேலைநீக்கம்.

இப்போது பள்ளி வேன் ஓட்டுகிறான். "வருத்தமாடா?" என்று கேட்டேன்.

"ஏசியைப் போட்டுக்கிட்டு தவளை தேடுற ஆளுங்கள ஒன்பது வருஷம் ஏத்திட்டுப் போயிருக்கேன்லக்கா, அதான் வருத்தம்," என்றான்.