உள்ளங்கையால் மூடிய கடிதம்

நயா பைசா புழக்கத்துக்கு வந்த மறு வருடம். ஆசிரியர் பயிற்சி முடித்த கையோடு, மீமிசல் பக்கம் ஒரு கடலோர ஊரின் ஓராசிரியர் பள்ளியில் எனக்கு வேலை கிடைத்தது. ஆலங்குடிப் பக்கம் கடலைக் கொல்லையில் பாடுபடும் குடும்பம் எங்களுடையது. எங்கள் வீட்டில் எழுத்துக் கூட்டிய முதல் ஆள் நான்தான். அந்தப் பெருமை கொஞ்சம் தலையில் ஏறித்தான் இருந்தது.

ஆனால் பிள்ளைகள் அதை இறக்கிவிட்டார்கள். விடியற்காலையில் பள்ளிவாசலில் கணீரென்று ஓதிவிட்டு வருகிறவர்கள், என் எதிரில் பாடப் புத்தகத்தைத் திறந்ததும் கொட்டாவி விடுவார்கள். கடலை மிட்டாய் கொடுத்துப் பார்த்தேன். மிட்டாய் தீரும்வரை படித்தார்கள். பிரம்பை எடுத்தேன், மறுநாள் வகுப்பே காலி. மூன்றாம் வகுப்புப் பெண் ஒருத்திக்கு ‘அ’னாவுக்கும் ‘ஆ’வன்னாவுக்கும் வித்தியாசம் தெரியாது. “நீ எதுக்குத்தான் பள்ளிக்கூடம் வாரே?” என்று ஒருநாள் கத்தினேன். “அம்மா போகச் சொன்னுச்சு சார்” என்றாள், சாதாரணமாக.

அவளுடைய அப்பா, அவர்கள் பேச்சில் அத்தா, பினாங்கில் சொந்தமாகக் கடை வைத்திருந்தார். அவரிடமிருந்து கடிதம் வந்தால், அவள் அம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு அதை என்னிடம் எடுத்து வருவார். கூடவே தெருப் பெண்கள் ஏழெட்டுப் பேர் வருவார்கள். கடிதத்தின் தொடக்கத்தில் இன்னின்னாருக்கு சலாம் என்று பெயர் பெயராக எழுதியிருக்கும். தன் பெயர் இருக்கிறதா என்று கேட்கத்தான் அத்தனை கூட்டமும்.

“தம்பி, எம் பேரு இருக்கான்னு நல்லாப் பாருங்க. போன தடவ விட்டுட்டாக.”

“இவளுக்கு சலாம் சொல்லலேன்னா கப்பல் நின்னு போகுமாக்கும்!”

ஒரு மத்தியானம் இப்படித்தான் வந்தார்கள். கடிதத்தை முதலில் கண்ணால் ஓட்டிப் பார்த்துவிட்டு அப்புறம் வாய்விட்டுப் படிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. என் குரல் மேல் எனக்கு அவ்வளவு ஆசை. சலாம்களை முடித்துவிட்டு அதே வேகத்தில் மேலே போனேன். “கடை கைமாறிவிட்டது. இப்போது இன்னொருவர் சாப்பாட்டுக் கடையில் பீங்கான் கழுவுகிறேன். இது உன்னையும் என்னையும் தவிர வேறு யாருக்கும் தெரிய வேண்டாம்” என்பதுவரை கணீரென்று படித்துவிட்டேன். அப்புறம்தான் நிறுத்தினேன்.

கூட்டத்தில் ஒரு குரல், “மொதலாளி பொஞ்சாதின்னுல்ல நெனச்சுக்கிட்டிருந்தோம்” என்றது. அந்த அம்மாள் என் கையிலிருந்து கடிதத்தை வாங்கி மடித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். பலகையில் உட்கார்ந்திருந்த மகள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

மறுநாள் அவள் வரவில்லை. ஒரு வாரம் ஆயிற்று. மனசு கேட்காமல் வீடு தேடிப் போனேன். மன்னிப்புக் கேட்டபோது, திரைக்குப் பின்னாலிருந்து அந்த அம்மாள், “எழுதியிருந்ததத்தானே தம்பி படிச்சீங்க. எனக்குக் கண்ணு இருந்தும் எழுத்துத் தெரியல, ஒங்கள என்ன சொல்ல?” என்றார். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

அடுத்த நாள் காலை, மற்ற பிள்ளைகள் வருமுன் அந்தப் பெண் வந்து நின்றாள்.

“சார், அடுத்த கடுதாசி எப்ப வரும்?”

“ரெண்டு மாசம் ஆகும்.”

“அதுக்குள்ள நான் படிக்கக் கத்துக்கிறலாமா?”

புத்தகத்தை எடுத்தேன். அவள் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். “இந்த எழுத்து வேற, எங்க அத்தா எழுத்து வேற” என்று பாவாடை மடிப்பிலிருந்து அந்தப் பழைய கடிதத்தை எடுத்தாள். அதை என்னிடம் தரவில்லை. பலகையில் வைத்து, இரண்டு உள்ளங்கைகளாலும் மூடி, நடுவில் ஒரே ஒரு சொல் தெரியும்படி விரலை விலக்கினாள். “இது என்னா சார்?”

அதன்பின் தினமும் அதுதான் பாடம். ஒரு சொல்லைக் காட்டுவாள். நான் அந்தக் கையெழுத்தைப் போலவே சிலேட்டில் சாய்த்து எழுதி, எழுத்தெழுத்தாகப் பிரித்துக் காட்டுவேன். அவள் அதன்மேலேயே எழுதி எழுதி சிலேட்டே தேய்ந்தது. மிட்டாய் கேட்கவில்லை. பிரம்பு எங்கே கிடந்தது என்று எனக்கே தெரியாது.

அடுத்த கடிதம் வந்தது. வழக்கம்போல் கூட்டமும் வந்தது. அந்த அம்மாள் பிரிக்காத உறையை மகளிடம் கொடுத்தார்.

“ஏன், வாத்தியாரு தம்பி படிக்கலியா?”

“இந்தப் பொட்டப்புள்ளயா படிக்கப் போவுது?”

அவள் திக்கித் திக்கி சலாம்களைப் படித்தாள். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு முகம் மலர்ந்தது. நடுவில் ஒரு சொல் ஓடவில்லை. என்னைப் பார்த்தாள். பக்கத்தில் போய்க் குனிந்தேன். மற்ற வரிகளைச் சட்டென்று கையால் மூடிக்கொண்டாள். சொல்லிக் கொடுத்தேன். கடைசி சலாம் முடிந்ததும் கடிதத்தை மடித்தாள்.

“அம்புட்டுத்தானா?”

“ஒங்களுக்கு அம்புட்டுத்தான். மிச்சம் எங்கம்மாவுக்கு” என்று சொல்லிவிட்டு, அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.

இப்போது வேறு பள்ளியில் இருக்கிறேன். மனம் ஒட்டாத பிள்ளை வந்தால் புத்தகத்தை ஓரமாக வைத்துவிட்டு, ‘உனக்கு எதைப் படிக்க வேண்டும்?’ என்றுதான் முதலில் கேட்கிறேன். அந்த இரண்டாவது கடிதத்தின் மிச்ச வரிகளில் என்ன இருந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நான் வாத்தியாராகச் செய்த வேலைகளில் எனக்கு முழுத் திருப்தி தருவது அது தெரியாமல் போனதுதான்.