தவிட்டுச் சாறும் வெள்ளை மண்ணும்

கரைத்த வெள்ளை மண்ணைக் கைகள் கண்ணாடிக் குழாய்க்குள் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றின. ஒவ்வொரு ஊற்றுக்கும் விரல் நுனியால் குழாயைச் சுற்றித் தட்டி, மண் படியும்வரை பொறுத்தன. அடியில் பஞ்சு. அதன்மேல் ஆற்று மணல். அதற்கும் மேலே வெள்ளை மண். மண்ணின் தலைக்கு மேல் ஒரு விரற்கடை தண்ணீர் எப்போதும் நிற்க வேண்டும். வற்றினால் மண் வெடிக்கும். வெடித்தால் சாறு அந்த வெடிப்பு வழியே ஓடிவிடும்.

மலாயாவில் லிங்கிப் பக்கத்து ரப்பர் தோட்டம் அது. அங்கே வைத்தியம் பார்த்த ஆஸ்பத்திரி டிரசரைச் சயாம் ரயில் வேலைக்கு ஜப்பான்காரர்கள் கொண்டுபோனதும், கட்டுப் போட உதவிக்கொண்டிருந்த பஞ்சாலை என்பவளிடம் ஆஸ்பத்திரிச் சாவி வந்தது. ஊறவைத்த அரிசித் தவிட்டுச் சாற்றிலுள்ள சத்தை இந்த மண் பிடித்துக்கொள்ளும். டிரசர் ஒருமுறை அப்படிச் செய்ததைப் பார்த்திருந்தாள். மற்றதெல்லாம் கெடுத்துக் கெடுத்துத் தானாகக் கற்றது.

ஆஸ்பத்திரி வாசற்படியில் முத்தாயி நாலு மாதக் கைப்பிள்ளையோடு உட்கார்ந்திருந்தாள். பிள்ளை அழுதுகொண்டிருந்தது. வாய் அகலத் திறந்திருந்தது, முகம் கறுத்திருந்தது, கண்ணீர் வழிந்தது. சத்தம் மட்டும் இல்லை. சத்துக் குறைவால் பெரிபெரி நோய் வந்த தாயிடம் பால் குடிக்கும் பிள்ளைகளுக்குத் தொண்டைதான் முதலில் போகும். தாய்க்கு வீங்கிய காலில் அழுத்திய விரலின் தடம் பதிந்தபடியே கிடந்தது. சாற்றை அப்படியே குடிக்கச் சொன்னால் வாந்தி எடுத்தாள். அதனால்தான் இரண்டு போத்தல் சாற்றை ஒரு கரண்டி மண்ணுக்குள் இறக்க வேண்டியிருந்தது.

சாற்றைக் கொண்டுவந்தவன் முத்தாயியின் அண்ணன் அர்ச்சுனன். கால் ஊனம் என்பதால் சயாமுக்குத் தப்பியவன். கோலா கிளாவாங் வரை நடந்து, மலாய்க்காரர்களிடம் கெஞ்சி வாங்கிய தவிடு.

பஞ்சாலை காரம் காட்டும் சிவப்புத் தாளைச் சாற்று வாளியில் தோய்த்தாள். நீலமாகிவிட்டது.

"எந்த வாளியில ஊறப் போட்டே?"

"பால் வாளிலதான் அக்கா. நல்லாக் கழுவினேன்."

"ரப்பர் பாலு உறையாம இருக்க அம்மோனியா விடுறோமே, அந்த வாளியா? காரம் பட்டா சத்து செத்துரும்டா."

"ஜப்பான்காரன் எனக்கு வெள்ளி அண்டாவா குடுத்திருக்கான்?"

வேறு தவிடு இல்லை. பால் உறையவைக்கும் ஆசிட்டைத் தண்ணீர் கலந்து, வாளியில் சொட்டுச் சொட்டாக விட்டாள். தாள் லேசாகச் சிவக்கும் இடத்தில் நிறுத்தினாள். சாற்றைக் குழாயில் ஊற்றி, காலையிலேயே அடித் திருகைத் திறந்தாள். மூச்சு ஒன்றுக்கு நாலு துளி. அதற்குமேல் ஓடினால் மண்ணுக்குப் பிடிக்க நேரமிருக்காது.

மத்தியானம் மழை மூட்டம் கட்டியது. பாதி வீடுகள் கதவு திறந்து காலியாகக் கிடந்த தொழிலாளர் லயத்தில் ஒரு காக்கைகூடக் கரையவில்லை. குழாயின் மேற்பகுதி வெள்ளையிலிருந்து பழுப்பாகிக் கீழே நகர்ந்தது.

"நான் மேலேருந்து ஊதி விடவா அக்கா? சீக்கிரம் இறங்கிருமே" என்றான் அர்ச்சுனன்.

"தொடாதே."

போன வாரம் கடைசி வீட்டுத் தாயம்மாவின் பிள்ளைக்காகப் பஞ்சாலை அப்படித்தான் அவசரப்பட்டாள். சைக்கிள் பம்பால் காற்றடித்தாள். மண் குழாய்ச் சுவரை விட்டு விலகி, சாறு பிடிபடாமலே ஓடிவிட்டது. அது தெரியாமல் வெறும் மண்ணைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தாள். வியாழக்கிழமை அந்தப் பிள்ளையைப் புதைத்தார்கள்.

அப்போது ஒரு பிள்ளை வீரிட்டு அழுதது.

பஞ்சாலை திரும்பினாள். முத்தாயி மடியில் பிள்ளையின் வாய் மூடியிருந்தது. நெஞ்சு மட்டும் வேகமாக ஏறி இறங்கியது. அழுகை லயத்தின் கடைசியிலிருந்து வந்தது.

"நம்ம பிள்ளை இல்லக்கா" என்றாள் முத்தாயி, தாழ்ந்த குரலில். "தாயம்மா வீட்டுப் பக்கம்."

"உனக்கும் கேக்குதா?"

"கேக்குது."

அர்ச்சுனன் நொண்டியபடி தங்கையையும் உள்ளே கூட்டி வந்து கதவைச் சாத்தினான். சத்தம் குறையவில்லை. இப்போது கிட்டத்தில் கேட்டது. பஞ்சாலையின் கை தானாகத் திருகுக்குப் போயிற்று. கொஞ்சம் திறந்தால் சீக்கிரம் முடியும். முடிந்தால் இந்த அழுகை நிற்குமோ என்று ஒரு நினைப்பு. விரலை மேசை விளிம்பில் அழுத்திவைத்து, மூச்சை எண்ணினாள். நாலு துளி. இன்னொரு மூச்சு, இன்னும் நாலு. அழுகை கதவுக்கு வெளியிலேயே கேட்டுக்கொண்டிருந்தது. அவள் குழாயின் தலையில் தண்ணீர் ஒரு விரற்கடை இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அழுகை எப்போது ஓய்ந்தது என்று மூவருக்கும் தெரியவில்லை.

மாலை கடைசித் துளி வந்ததும் நல்ல தண்ணீர் விட்டு ஆசிட்டைக் கழுவினாள். மண்ணைக் குச்சியால் தள்ளி வெளியே எடுத்தாள். வெடிப்பு இல்லை. பழுப்பான பகுதியை மட்டும் கத்தியால் அறுத்து, தணலுக்கு எட்டத்தில் காயவைத்து, பொடித்து, எட்டுப் பொட்டலமாகக் காகிதத்தில் கட்டினாள்.

"பாதி உனக்கு. மீதிய வெந்நீர்ல குழைச்சு பிள்ளை நாக்குல தடவு. சுண்ணாம்பு கூடாது, சோடா உப்பு கூடாது, அதுவும் காரம்தான்."

முத்தாயி பிள்ளையைத் தோளுக்கு மாற்றி, இரண்டு கையையும் நீட்டி வாங்கிக்கொண்டாள்.