செல்லத்துரை என்றொரு வசவு

போன மாதம் எனக்கு ஈமெயிலில் ஒரு தங்கச்சி வந்து சேர்ந்தார்.

அறுபதாவது பிறந்தநாளுக்கு மகள் டி.என்.ஏ. டெஸ்ட் ஒன்று வாங்கித் தந்திருந்தாள். குழாயில் எச்சிலைத் துப்பி அனுப்பும்போதே எனக்குச் சந்தேகம் - இதை வைத்து இவர்கள் என்ன செய்யப் போகிறார்கள்? "இந்த மனுசனுக்குக் கோயில் பிரசாதத்திலையும் சந்தேகம்" என்பாள் என் மனைவி. சொல்லட்டும். லண்டனில் முப்பத்தைந்து வருடம் யாரிடமும் ஏமாறாமல் காலம் தள்ளியிருக்கிறேன் என்றால்... சும்மாவா?

ஈமெயில் அனுப்பியவர் பெயர் சுகந்தி. மலேசியாவில் பிறந்தவர். இப்போது லண்டன் ஈஸ்ட் ஹாமில் குடியிருக்கும் நர்ஸ். நாங்கள் இருவரும் தூரத்து உறவு என்று டெஸ்ட் சொல்கிறதாம். அவருடைய கொள்ளுத்தாத்தா யாழ்ப்பாணத்திலிருந்து போனவராம். பெயர் வினாசித்தம்பி கதிரவேலு. மலாயாவின் தைப்பிங்கில் எண்பது வயதுவரை வாழ்ந்து, படுக்கையில் செத்தவராம்.

லேப்டாப்பை மூடிவிட்டேன்.

ஏனென்றால் வினாசித்தம்பி கதிரவேலு எங்கள் ஆள். நோர்பரியில் இருக்கும் என் சித்தப்பாவின் பூட்டன். அவர் விக்டோரியா மகாராணி காலத்திலேயே ரயில் விபத்தில் செத்துப்போனார். சித்தப்பா வருடம் தவறாமல் அவருக்குத் திவசம் கொடுக்கிறார். அடுத்த திவசத்துக்கு இன்னும் மூன்று கிழமைதான் இருந்தது.

எங்கள் வீட்டில் சொல்லும் கதை இது. வினாசித்தம்பிக்கு இரண்டு மகன்கள். மூத்தவர் கதிரவேலு, கல்யாணமாகி ஒரு பிள்ளையும் உண்டு. இளையவன் செல்லத்துரை, தனிக்கட்டை. இருவருக்கும் கண்டிப் பக்கத்து மலைப்பாதையில் ரயில்வே உத்தியோகம். மூத்தவர் மாதம் தவறாமல் கடிதம் போடுவார். இளையவன் போட்டதே இல்லை.

ஒரு மழைக்காலத்தில் யாழ்ப்பாணத்துக்குத் தந்தி வந்தது - வினாசித்தம்பி ரயில் விபத்தில் இறந்துவிட்டார் என்று. அந்தத் தந்தியைக் கையெழுத்துப் போட்டு வாங்கியவர் யார் தெரியுமா? சாட்சாத் வினாசித்தம்பியேதான்! எங்கள் ஆட்களின் பெயரில் முன்னால் நிற்பது தகப்பன் பெயர் என்பது எந்த வெள்ளைக்காரனுக்குப் புரிந்தது? மகன் செத்தால் தகப்பன் பெயரை எழுதி அனுப்பிவிட்டான்.

சரி, எந்த மகன்?

அடுத்த மாதம் கதிரவேலுவின் கடிதம் வரவில்லை. அதற்கடுத்த மாதமும் இல்லை. அவ்வளவுதான், முடிவு செய்துவிட்டார்கள். அவர் மனைவி வள்ளியம்மைக்கு இருபத்திரண்டு வயதில் பொட்டை அழித்தார்கள். அறுபது வருடம் அந்த வெள்ளைச் சேலையோடு இருந்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார்.

சில வருடம் கழித்து மலாயாவிலிருந்து வந்த ஒருவர், "வினாசித்தம்பியின்ரை பொடியனை அங்கை கண்டனான்" என்றாராம். ஆக, ஓடிப்போனது செல்லத்துரை! அண்ணன் செத்து, அண்ணி கைக்குழந்தையோடு நிற்கும்போது, திரும்பியும் பாராமல் கப்பலேறிய பாவி. அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் பொறுப்பில்லாதவனுக்கெல்லாம் அந்தப் பெயர்தான். சோதனையில் பெயில் விட்டால் செல்லத்துரை. ஷிப்டுக்குப் பிந்திப் போனால் செல்லத்துரை. நான் முதல் வேலையை விட்டபோது சித்தப்பா போனில் கத்தியது இன்னும் காதில் இருக்கிறது: "நீ ஒரு முழுச் செல்லத்துரையடா!"

இப்போது புரிகிறதா என் சந்தேகம்? இந்தச் சுகந்தி செல்லத்துரையின் பரம்பரை. ஓடுகாலியின் வாரிசு என்று சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு, செத்தவரின் பெயரைத் தூக்கி வைத்துக்கொள்கிறார். அல்லது அதைவிட மோசம் - ஊரில் எங்களுக்கு ஐந்து பரப்புக் காணி இருக்கிறது. அதற்கு அடி போடுகிறாரோ?

ஹை ஸ்ட்ரீட் நார்த்தில் ஒரு கடையில் சந்தித்தோம். தோசைக்கு அவர் காசு கொடுக்க முந்தினார். அதுவும் எனக்குச் சந்தேகம்தான்.

"ஊரிலை காணி ஏதும் பாக்கிற யோசனையோ?" என்று நேரடியாகவே கேட்டேன்.

"நெலமெல்லாம் எனக்கு எதுக்குண்ணே?" என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார். "எங்க கொள்ளுத்தாத்தா வருசத்துல ஒரு நாள் பட்டினி கிடப்பாராம். தனியா ஒரு வாழ இல போட்டு, சோறு கறியெல்லாம் வெச்சு, அது முன்னால உக்காந்திருப்பாராம். யாருக்குன்னு கேட்டா எந்திரிச்சுப் போயிருவாராம். எங்க பாட்டி சாகுற வரைக்கும் அதையே சொல்லிக்கிட்டு இருந்தாங்க. அந்த இல யாருக்குன்னு தெரிஞ்சா போதும்."

நல்லாத்தான் கதை சொல்கிறார், என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனால் சித்தப்பா கொடுக்கப்போகும் திவசம் கண் முன்னால் நின்றது. செத்தது யார் என்று தெரியாமல் எப்படி அவரை ஐயர் முன்னால் உட்கார வைப்பது? இலங்கை ரயில்வேயின் பழைய விபத்து அறிக்கைகள் லண்டனிலேயே ஓர் ஆவணக் காப்பகத்தில் இருப்பதாக மகள் தேடிச் சொன்னாள். சுகந்தியும் வருகிறேன் என்றார். நல்லது, கண்ணுக்கு முன்னாலேயே இருக்கட்டும்.

அந்தக் காப்பகம் எனக்குப் பிடித்துவிட்டது. பேனா கூடாது, பென்சில் மட்டும். கோட்டும் பையும் லாக்கரில். உள்ளே கொண்டுபோவதெல்லாம் வெளியே தெரிகிற பிளாஸ்டிக் உறையில். சந்தேகப்படுவதில் என்னை விஞ்சிய ஓரிடத்தை முதல்முறையாகப் பார்த்தேன்.

தடித்த வால்யூம் ஒன்றைக் கொண்டுவந்து பஞ்சுத் தலையணையில் வைத்தார்கள். கடைசிப் பக்கங்களில் பெயர்ப் பட்டியல் இருந்தது. நான் கதிரவேலுவைத் தேடினேன். சுகந்தி செல்லத்துரையைத் தேடினார். அவரவர் சாகடிக்க விரும்பிய ஆளை! இரண்டு பேருமே அதில் இல்லை.

"சரியான வால்யூம்தானாண்ணே இது?" என்று சுகந்தி என்னைப் பார்த்த பார்வையில் அசல் சந்தேகம் இருந்தது. அட, இது எங்கள் ரத்தமேதான்!

அப்போதுதான் எனக்கு டாக்டர் கிளினிக் ஞாபகம் வந்தது. அங்கே ஒவ்வொரு முறையும் "மிஸ்டர் அருணாசலம்" என்று கூப்பிடுவார்கள். அருணாசலம் என் அப்பா. செத்துப் பதினொரு வருடமாகிறது. அவருக்காக எழும்பி, அவருக்காகப் பிரஷர் பார்த்துவிட்டு வருகிறவன் நான். தந்திக் கதையைச் சின்ன வயதிலிருந்து கேட்டுச் சிரித்தும் இது உறைக்கவில்லையே! பட்டியலில் வினாசித்தம்பியைத் தேடினேன்.

இருந்தார்.

மழையில் மலைச்சரிவு இடிந்து ரயில் புரண்டிருக்கிறது. செத்தவர்களில் ஒருவர் வினாசித்தம்பி, சிக்னல் வேலை, பத்தொன்பது வயதளவில், கல்யாணமாகாதவர். உடலை அடையாளம் காட்டியவர் அதே ஸ்டேஷனில் கிளார்க்காக இருந்த அவருடைய அண்ணன். அண்ணனுக்கு ஒரு கிழமை லீவு கொடுத்திருக்கிறார்கள். அவர் வேலைக்குத் திரும்பவில்லை.

நான் மூன்று முறை படித்தேன். சுகந்தி அந்த வரிகளின் மேல் குனிந்தார். "அந்த இல தம்பிக்கு" என்றார். அவர் கண்ணீர் அந்தப் பக்கத்தில் விழுந்துவிடப் போகிறதே என்று காப்பக அம்மா ஓடி வந்தார்.

எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. தம்பியின் முகத்தை அடையாளம் காட்டியவருக்கு வீட்டுக்கு நாலு வரி எழுத முடியவில்லையா? தந்தி குழப்பிவிட்டது என்று அவருக்குத் தெரிந்திருக்குமா, தெரியாதா? தெரியாது என்று நம்ப எனக்கும் ஆசைதான். ஆனால் வருடாவருடம் தம்பிக்கு இலை போட்டவர், உயிரோடிருந்த மனைவிக்கு ஒரு கடிதம் போடவில்லையே!

அடுத்த நாள் நோர்பரிக்குப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். சித்தப்பா வள்ளியம்மையைத்தான் முதலில் நினைத்தார்.

"ஒரு போஸ்ட்காட். ஒரேயொரு போஸ்ட்காட் போட்டிருந்தா, அந்தப் பொம்பிளை அறுவது வருசம் அப்பிடி இருந்திருக்கத் தேவையில்லை" என்றார். பிறகு பேச்சு செல்லத்துரைக்குத் திரும்பியது. "தம்பி, நான் அந்தப் பொடியனை எத்தினை தரம் திட்டியிருப்பன்... செத்துக் கிடந்தவனையெல்லோ வைதிருக்கிறம்."

பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "திதி சரிதானே?"

"ஓம் சித்தப்பா. திதி சரி. ஆள்தான் பிழை."

எனக்கும் இதில் ஒரு பங்கு உண்டு, ஒப்புக்கொள்கிறேன். டெஸ்ட்டைச் சந்தேகப்பட்டேன். சுகந்தியைச் சந்தேகப்பட்டேன். தோசையைக்கூடச் சந்தேகப்பட்டேன். செத்தவர் என்று திவசம் கொடுத்த அந்த ஒரு மனிதரை மட்டும் ஒரு நாளும் சந்தேகப்படவில்லை. உயிரோடிருப்பவர்களிடம் கேட்கும் கேள்வியில் பாதியைக்கூட நாம் செத்தவர்களிடம் கேட்பதில்லை... இல்லையா?

போன சனிக்கிழமை திவசம். சுகந்தியும் வந்து, வாழைக்காய் சீவித் தந்தார். ஐயர் வழக்கம்போல் "ஆருக்கு?" என்று கேட்டார். சித்தப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"செல்லத்துரைக்கு. என்ரை பூட்டன்ரை தம்பி. பிள்ளை குட்டி இல்லை. நான்தான் செய்யவேணும்."

எள்ளும் தண்ணீரும் இறைத்து, இலையில் சோறு படைத்து எல்லாம் முடிந்தது. இலையை எடுக்கிற நேரத்தில்தான் சித்தப்பாவின் மகன், கார் சாவியைச் சுழற்றிக்கொண்டு, ஒன்றரை மணித்தியாலம் பிந்தி வந்து சேர்ந்தான். ஒரு போன்கூட இல்லை. எல்லோரும் சித்தப்பாவின் வாயையே பார்த்தோம். பழக்கதோஷத்தில் "செ..." என்று தொடங்கியவர் சட்டென்று நிறுத்தினார். ஒரு நிமிடம் யோசித்தார்.

பிறகு வீடே அதிரக் கத்தினார்: "வாறார் பார், கதிரவேலு!"