கிழவி தப்பித்த நாள்

இன்று பேத்தமங்களா ஏரிக்கரையில் நிறம் வெளுத்த வண்ணத்துப்பூச்சி ஒன்றைப் பார்த்ததும், ஊரிகத்தில் நாங்கள் இருந்த, சுரங்கத் தொழிலாளர்களுக்கான லைன் வீடு கண்முன் வந்துவிட்டது.

அங்கே எங்கள் கறிவேப்பிலைச் செடியில் பிறந்த ஒரு வண்ணத்துப்பூச்சியை நானும் அக்கா எஸ்தரும் தினமும் தேடிப் பார்ப்போம். பிறவியிலேயே அதன் இறக்கை நுனி மடங்கியிருந்ததால் அடையாளம் தப்பாது. நாளாக ஆக இறக்கைப் பொடி உதிர்ந்தது, மஞ்சள் வெளுத்தது, ஓரமெல்லாம் கிழிந்தது. அதற்குக் கிழவி என்று பெயர் வைத்தோம்.

ஒருநாள் ஓணான் பாய்ந்து கிழவியைக் கவ்வியது.

“ஐயோ, போச்சு!” என்று அக்கா அலறினாள்.

ஷிப்ட் முடிந்து தூங்கிக்கொண்டிருந்த அப்பா பதறி ஓடிவந்தார். “இன்னாம்மா, யாருக்கு இன்னா ஆச்சு?”

ஓணான் வாயில் இறக்கைத் துண்டு மட்டுமே இருந்தது. கிழவி தள்ளாடியபடி கூரைக்கு மேலே ஏறிக்கொண்டிருந்தாள்.

“அப்பா, கெழவி தப்பிச்சிட்டா!” என்று மேலே கைகாட்டி நான் குதித்தேன்.

திட்டப்போகிறார் என்று நினைத்தோம். அப்பாவோ வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, எங்களை முந்தி கிழவி பறந்த பக்கமே ஓடினார்.